அப்பாவுக்கு, பெல்டன் ஏரிக்கரையிலிருந்து

பெல்டன், டெக்சாஸ்
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அம்மாவும் பாட்டியும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும். கார்த்திகையில் நீங்கள் போட்ட கடிதம் போன செவ்வாய்க்கிழமைதான் என் கைக்கு வந்தது. தபால்காரர் மேல் தப்பில்லை. எங்களுக்கு நிலையான விலாசம் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது. வண்டியிலேயே குடியிருப்பவர்களுக்காக 1978 முதல் நடக்கிற எஸ்கேப்பீஸ் என்ற சங்கம் அங்கே எங்கள் கடிதங்களை வாங்கி வைக்கும். எந்த ஊரில் நிற்கிறோம் என்று சொன்னால் அங்கே அனுப்பி வைக்கும். மொத்தமாக வரவழைத்தால் தபால் செலவு மிச்சம் என்று இரண்டு மாதம் கேட்காமலே இருந்துவிட்டேன். உங்கள் கையெழுத்து அதற்குள் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன்.

ஆமாம் அப்பா, பாலத்தடி சித்தப்பா மகன் சொன்னது உண்மைதான். ஒன்றரை வருஷமாக நாங்கள் ஒரு மோட்டார் ஹோமில்தான் இருக்கிறோம். உங்களிடம் மறைத்தது தப்பு. போனில் சொல்லலாம் என்றால் உங்களுக்கு இப்போது காது கேட்பதில்லை. அம்மாவிடம் சொன்னால் அழுவார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 'வீடு வாசல் இல்லாமல் ரோட்டில் கிடக்கிறீர்களா மக்களே' என்று நீங்கள் எழுதிய வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்படி இல்லை அப்பா. எல்லாவற்றையும் எழுதுகிறேன், தங்கச்சியை நிதானமாக வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய உங்களுக்கு முதலில் வண்டியைச் சொல்கிறேன். 1998 மாடல், 29 அடி நீளம். லாரி சேஸிஸ் மேல் ஒரு வீட்டைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். டிரைவர் சீட்டுக்கு மேலே மச்சு போல ஒரு படுக்கை. பத்து சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். லிட்டருக்கு மூன்று, மிஞ்சிப்போனால் மூன்றரை கிலோமீட்டர்தான் கொடுக்கும். உங்கள் பஸ் ஐந்துக்கு மேல் கொடுத்ததை நீங்கள் சொல்லிச் சொல்லிப் பூரித்தது நினைவுக்கு வரும். பின்னால் இரட்டைச் சக்கரம். உள்ளே கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று. பின்னிரண்டும் நிறைந்தால் டம்ப் ஸ்டேஷன் என்ற கழிவு கொட்டும் இடத்துக்குக் கொண்டுபோய் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். அந்த வேலையை உங்கள் மருமகன் என்னைத் தொடவே விடுவதில்லை.

என் ஒப்பந்த நர்ஸ் வேலை 13 வாரம், 13 வாரமாகத்தான் வரும். ஒவ்வொரு ஊரிலும் வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, கட்டில் மெத்தை வாங்கி, மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்ப முடியுமா? இதில் எங்கே போனாலும் என் கட்டில், என் அடுப்பு. அதற்காகத்தான் வாங்கினோம், பணத்துக்காக இல்லை. அம்மாவிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

கஷ்டம் என்று பார்த்தால் ஒன்றுதான், வண்டி நிறுத்த இடம் பிடிப்பது. பழைய வண்டிக்கு எல்லா இடத்திலும் கதவு திறப்பதில்லை. முதல் ஒப்பந்தத்துக்குப் போனபோது இந்த மாதிரி வண்டிகளை வாடகைக்கு நிறுத்தித் தங்கும் ஒரு தனியார் ஆர்.வி. பார்க்கில் போனில் இடம் சொல்லி வைத்துவிட்டு, ஒன்பது மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் நின்றோம். ஆபீஸ் அம்மாள் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். வெளுத்துப்போன ஸ்டிக்கரைப் பார்த்தாள். "என்ன வருஷம்?" என்றாள். சொன்னேன். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு இங்கே இடமில்லை என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எனக்கு முதல் டியூட்டி. அன்றைக்கு ராத்திரி ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில் அனுமதி கேட்டு நிறுத்திக்கொண்டோம். இதை மட்டும் அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

அது அரசாங்கச் சட்டம் இல்லை அப்பா. தனியார் பார்க்குகளில் பலர் தாங்களாகவே வைத்துக்கொண்ட விதி. பழைய வண்டி அங்கேயே பழுதாகி நின்றுவிட்டால் யார் இழுத்துப் போடுவது, ஒழுகினால் யார் பொறுப்பு, பக்கத்தில் புது வண்டி வைத்திருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். ஆள் விட்டுவிட்டுப் போன வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருஷத்தை மட்டும் கேட்டுவிட்டு வண்டியைப் பார்க்காமலே அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏர்ஸ்ட்ரீம் என்று வெள்ளிப் பாத்திரம் போல மின்னும் அலுமினிய டிரெய்லர் ஒன்று உண்டு. அது நாற்பது வருஷப் பழசாக இருந்தாலும் பல இடங்களில் உள்ளே விட்டுவிடுவார்கள்.

அதைப் பார்த்துத்தான் உங்கள் மருமகனுக்கு யோசனை வந்தது. எங்கள் வண்டியின் வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்து, கை வைத்தால் சுண்ணாம்பு போல ஒட்டும். மூன்று நாள் ஏணியில் நின்று தேய்த்து மெழுகு போட்டார். பிய்ந்த ஸ்டிக்கரை என் ஹேர் டிரையரால் சூடுகாட்டி உரித்தார். கூரையில் ஜாயின்ட் எல்லாம் புதுசாக சீலன்ட் பூசினார், மங்கின ஹெட்லைட்டைத் துடைத்துத் தெளியவைத்தார். அப்புறம் நாலு பக்கமும் உள்ளேயும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். இப்போது அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே போனில் வருஷத்தைச் சொல்லிவிட்டு, "போட்டோ அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்பேன். டயரின் போட்டோவும் அனுப்புவேன். பக்கவாட்டில் நாலு எண் இருக்குமே, முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அதைப் பார்த்தால் வண்டியைக் கவனிக்கிறவர்களா இல்லையா என்று தெரிந்துவிடும். பார்த்துவிட்டு வரச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

ஆனாலும் எங்களுக்கு நிம்மதி அரசாங்க இடங்கள்தான். இங்கே அணை கட்டுவதும் ஏரியைப் பராமரிப்பதும் ராணுவப் பொறியாளர் துறை. லியோன் ஆற்றில் 1954இல் கட்டி முடித்த பெல்டன் அணையின் கரையில்தான் இப்போது நிற்கிறோம். நம் பேச்சிப்பாறையை விடப் பெரிய ஏரி, ஆனால் பின்னால் மலை கிடையாது. ஏரியைச் சுற்றி சீடர் ரிட்ஜ், லைவ் ஓக் ரிட்ஜ், ஒயிட் ஃப்ளின்ட் என்று முகாம்கள். பக்கத்து ஸ்டில்ஹவுஸ் ஹாலோ ஏரியில் டானா பீக், யூனியன் க்ரோவ். ஒரு இடத்தில் 14 நாள்தான் இருக்கலாம், அதனால் சுற்றிச் சுற்றி மாறிக்கொண்டிருக்கிறோம். கம்ப்யூட்டரில் இடம் பதியும்போது வண்டியின் நீளம் கேட்கும். வயசு கேட்கிற கட்டமே அதில் இல்லை. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாநில அரசுப் பூங்காக்களிலும் அப்படித்தான். டிசம்பரில் மதர் நெஃப் பூங்காவில் இருந்தோம். இசபெல்லா நெஃப் என்ற அம்மா லியோன் ஆற்றங்கரையில் தன் ஆறு ஏக்கரை ஊருக்குக் கொடுத்தார். அவர் மகன் பேட் நெஃப் கவர்னராக இருந்தபோது 1923இல் மாநிலப் பூங்கா வாரியம் வந்தது. டியூட்டி முடிந்து விடியற்காலையில் திரும்பும்போது அந்தப் பலகையில் 'அம்மா' என்ற சொல்தான் முதலில் கண்ணில் படும்.

அதற்கு முந்தைய குளிர்காலம் இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. அப்போது அரிசோனாவில் குவார்ட்ஸ்சைட் என்ற ஊரில் இருந்தோம். பாலைவனம். லா போசா என்ற அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதமும் தங்க அப்போது 180 டாலர்தான். கரண்ட் கிடையாது, தண்ணீர் நாமே பிடித்து வர வேண்டும். புதுசு, பழசு, தட்டித் தகரம் அடித்தது என்று கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டிகள். யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த ஊர்க் கல்லறையில் கூர்ங்கோபுரம் மாதிரி ஒன்று கட்டி, உச்சியில் ஒட்டகம் வைத்திருக்கிறார்கள். ஹாஜி அலி என்பவருடையது. 1856இல் இந்த நாட்டு ராணுவம் ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கியபோது கூடவே வந்தவர். இங்குள்ளவர்கள் வாயில் அவர் பெயர் ஹை ஜாலி என்று ஆகிவிட்டது. திரும்பிப் போகவே இல்லை, 1902இல் அங்கேயே இறந்துபோனார். அங்கே நான் ரொம்ப நேரம் நின்றேன்.

குளிர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பனி கொட்டுகிற ஊர் இல்லை, ஆனால் வடக்கிலிருந்து காற்று திரும்பினால் மத்தியானம் சட்டையோடு நின்றவர்கள் ராத்திரி நடுங்குவார்கள். தண்ணீர்க் குழாயைக் கழற்றி, தோளில் போட்டு நடந்து, உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டுத்தான் படுப்போம். மறந்தால் காலையில் குழாய் கம்பு மாதிரி விறைத்துக் கிடக்கும். கரண்ட் 30 ஆம்ப்தான். ஹீட்டரும் மைக்ரோவேவும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகிவிடும், அதனால் ஒன்றை அணைத்துவிட்டுத்தான் மற்றதைப் போடுவேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. மெக்சிகோக்காரர் கடையில் மரச்சீனி கிடைக்கிறது, இங்கே பெயர் யூக்கா. தோலில் மெழுகு பூசியிருக்கும், சீவிவிட்டால் உள்ளே நம் விளைக் கிழங்கு மாதிரியே வெள்ளை. பக்கத்து இடத்துத் தாத்தா இந்த ஏரியில் பிடித்த கெளுத்தி மீன் கொடுத்தார். தேங்காய் அரைத்து, அம்மா கொடுத்துவிட்ட கொடம்புளியில் கடைசி இரண்டு சுளையைப் போட்டுக் குழம்பு வைத்தேன். ஒரு வாரம் வண்டி முழுக்க நம் வீட்டு அடுக்களை வாசம்.

அந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த முகாமைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர் அவர். சம்பளம் கிடையாது, தங்குவதற்கு இடமும் கரண்டும் இலவசம். எண்பது வயசு இருக்கும், ரயில்வேயில் இருந்தவர். குளிர் அதிகம் என்று ரேடியோவில் சொன்னால் ராத்திரி பத்து மணிக்கு ஒவ்வொரு வண்டிக் கதவையும் தட்டி, குழாயைக் கழற்றியாயிற்றா என்று கேட்பார். நான் நர்ஸ் என்று தெரிந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு சின்ன நோட்டோடு வந்து கையை நீட்டுவார். நான் பிரஷர் பார்த்துச் சொல்ல, தேதி போட்டு எழுதிக்கொள்வார். ஒரு நாள் தவறாமல் ஆறு பக்கம் ஆகிவிட்டது. நேற்று 168 இருந்தது, உப்பைக் குறைக்கச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார், நீங்கள் ஆட்டுகிற மாதிரியே. அவர் போனபிறகு வெகுநேரம் அந்தக் கைப்பட்டையைச் சுருட்டாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கையில் நான் கடைசியாக அதைக் கட்டிப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது அப்பா. நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். தங்கச்சி பார்த்து எழுதட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பொங்கலன்று எனக்கு இரவு டியூட்டி. காலையில் வந்து சின்னச் சட்டியில் பால் பொங்கவிட்டோம். குலவையிட யாரும் இல்லை.

சரி, வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். இந்த மாதம் அனுப்பியது குறைவு என்று அம்மா கேட்டார்களாம். ஆறு டயரும் ஒன்றாக மாற்றவேண்டி வந்தது, அவ்வளவுதான். பங்குனியில் சேர்த்து அனுப்புகிறேன். பேங்கில் இருக்கிற என் வளையலுக்கு வட்டி மட்டும் கட்டி அடகைப் புதுப்பித்து வையுங்கள், மீட்க அவசரப்பட வேண்டாம். மருமகன் வேலையைப் பற்றி மேலவீட்டு மாமி கேட்டால் நன்றாகப் போகிறது என்று சொல்லுங்கள்.

மேலவிளை ரப்பர் பால் வற்றிவிட்டது, வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மரத்தை வெட்டுங்கள், விளையை மட்டும் விற்காதீர்கள். டிப்போ மாமாவின் மச்சான் சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டாம், குலசேகரத்தில் இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள். பட்டா இன்னும் பாட்டி பேரில்தானே இருக்கிறது? பாட்டிக்குக் கண் ஆபரேஷன் ஆவதற்கு முன்னால் தாலுகா ஆபீசில் அதை முடித்துவிடுங்கள். தங்கச்சி இங்கே நர்ஸாக வேலை பார்ப்பதற்கான என்.சி.எல்.இ.எக்ஸ். பரீட்சைக்குப் பணம் கட்டும் தேதியை எனக்குச் சொல்லட்டும். அதற்கு நான் வைத்திருக்கிறேன், நகையைத் தொட வேண்டாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் இரும்புக் கம்பியால் பின்சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பீர்களே, நானும் அப்படித்தான் தட்டுகிறேன். உள்டயரில் காற்று குறைந்தால் சத்தம் எப்படி மாறும்? எனக்கு ஆறும் ஒரே மாதிரி கேட்கிறது. புதன்கிழமை டானா பீக்குக்கு மாறுகிறோம். பதிலை லிவிங்ஸ்டன் விலாசத்துக்கே போடுங்கள், இனி வாரம் ஒருமுறை வரவழைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு
உங்கள் மூத்த மகள்