ஐஸ் ஹவுஸ் வாசலில்

அன்புள்ள கண்ணா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இங்கே எல்லோரும் நலம். மாலதியின் முழங்கால் இப்போது எப்படி? பாலு மறுபடி வீடு மாற்றிவிட்டான். இந்த முறையும் கட்டில் வாசலில் நுழையவில்லை.

எங்கள் வீட்டுப் பெண் மதுவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கடைசி வருட பிராஜெக்டுக்கு, நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அக்காவுக்காகப் பெட்டி ஒன்று செய்தாள். பெரிய பிளாஸ்டிக் டப், அதற்குள் அக்காவின் அன்னக்கூடை, இடையில் நாலு விரல் அகலத்துக்கு உமி, மேலே சாக்கு. அவ்வளவுதான். பத்து மணிக்கே தண்ணீராகிவிடும் ஐஸ், மதியம் ஒரு மணிக்கும் கட்டியாக இருந்தது. நானே கையில் எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண் போட வந்த பேராசிரியரோ, "உமியும் பழசு, டப்பும் பழசு. இதில் நீ என்ன கண்டுபிடித்தாய்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளை மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸுக்குக் கூட்டிப் போனேன். நாம் எத்தனை சாயங்காலம் எதிரே மணலில் சுண்டல் தின்றிருப்போம்! 1842இல் அது எழுந்ததே பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடரின் ஐஸை வைக்கத்தான். அங்கே குளிர்காலத்தில் குளம் தானாக உறையும். அதை அறுத்துக் கப்பலில் ஏற்றினார். 1833இல் கல்கத்தாவுக்கு வந்த முதல் சரக்கு நாலு மாதம் கடலில் இருந்தும் பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது. ஐஸைச் சுற்றி அடைக்க அவருக்குக் கைகொடுத்தது மரத்தூள், மர ஆலைகள் குப்பையாகத் தள்ளியது. அதன் இடுக்கில் அடைபட்ட காற்று சூட்டை உள்ளே விடாது. குளம், கப்பல், மரத்தூள் மூன்றும் அவருக்கு முன்பே இருந்தவைதானே? மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே, கண்ணா! 1806இல் முதல் சரக்கு மார்ட்டினிக் தீவுக்குக் கிளம்பியபோது ஊர் சிரித்தது. பின்னால் கடனுக்காகச் சிறைக்கும் போனார்.

மது கவனமாகத்தான் கேட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், பெட்டியில் சூட்டை அளந்து காட்டும் சென்சார் வைத்தால் புதுசாகத் தெரியுமா என்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா சென்சாரா கேட்டார்? தலையில் தூக்கக் கனமாக இருக்கிறது, குறைத்துக் கொடு என்றுதான் கேட்டார்.

நீ முப்பது வருடம் அம்பத்தூர் பட்டறையில் இருந்தவன். டப்புக்குப் பதில் எதைப் போடலாம் என்று அவளிடம் பேசு. ராத்திரி எட்டுக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
ராஜு