உல்ட்டி பட்டியைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சரத் ஜோஷியின் வாழ்க்கையைத் தமிழில் தொகுக்கும் வேலை முடிந்துவிட்டது. 1935 செப்டம்பர் 3 அன்று மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் பிறந்து 2015 டிசம்பர் 12 அன்று புணேயில் மறைந்த இந்த மனிதரை நம் பக்கம் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் 'விலை கேட்டுச் சாலை மறித்த விவசாயத் தலைவர்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் முழுக்க முழுக்கச் சுதந்திரவாதி. அரசு விவசாயிக்கு எதையும் கொடுக்க வேண்டாம், அவன் மடியில் கை வைக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அவருடைய அரசியல். 'பிச்சை வேண்டாம், வியர்வைக்கு விலை வேண்டும்' என்று அவர் தொடங்கிய விவசாயிகள் அமைப்பான ஷேத்கரி சங்கடனா ஊர் ஊராக எழுப்பிய முழக்கத்துக்கும் பொருள் அதுதான். அந்த அரசியல் எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது என்று எங்களுக்கு எடுத்துக் காட்டியவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, நாசிக் மாவட்டத்திலிருந்து பழைய மண்டிச் சீட்டுக் கட்டை நம்பிக் கொடுத்தனுப்பிய குடும்பத்துக்கு. மராத்தியில் அதற்கு ஹிசேப் பட்டி என்று பெயர். மேலே மூட்டை எண்ணிக்கை, எடை, குவிண்டால் விலை. கீழே கழிவுகள்: ஏற்றுகூலி இறக்குகூலிக்கு ஹமாலி, எடைக்கூலிக்குத் தோலாய், கமிஷனுக்கு அடத், பிறகு சாக்கு, லாரி வாடகை. விலை விழுந்தால் மேலே உள்ள வரவுத் தொகை சுருங்கும். கூலியும் சாக்கும் வாடகையும் மூட்டைக் கணக்கில் வருவதால் அவை அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் கழிவு வரவைத் தாண்டிவிடும். சரக்கைக் கொடுத்த விவசாயியே மண்டிக்குப் பாக்கி தர வேண்டும் என்று முடிகிற அந்தச் சீட்டுக்குத்தான் உல்ட்டி பட்டி என்று பெயர், தலைகீழ்ச் சீட்டு. இதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஜோஷியை எழுதியிருந்தால் பாதிதான் எழுதியிருப்போம்.

வெங்காயத்தை ஏன் விலை வரும்வரை வைத்திருந்து விற்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை தந்த, நாசிக் பக்கத்து நிபாட் ஊர் அண்ணனுக்கும் பெரம்பலூர் பெரியப்பாவுக்கும் மனமார்ந்த நன்றி. கரீஃப் என்னும் மழைக்காலப் பருவ வெங்காயம் இருப்பு நிற்காது. ஈரம் அதிகம், கழுத்து தடிப்பு. ஏப்ரல், மே மாதங்களில் எடுக்கும் ரபி வெங்காயம்தான் நிற்கும், அதுவும் கவனித்தால். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். பாதித் தாள் சாய்ந்த பிறகு பிடுங்கி, வயலில் மூன்று முதல் ஐந்து நாள் தாளோடு உலர்த்தி, 2 முதல் 2.5 சென்டிமீட்டர் கழுத்து விட்டு அறுத்து, மறுபடி நிழலில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆற்ற வேண்டும். கழுத்தை ஒட்ட அறுத்தால் அந்த வாய் வழியாகவே அழுகல் இறங்கும். காந்தா சாளி என்னும் கொட்டகையின் தளம் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரம். குவியல் நாலு அடி அகலம், உயரம் ஐந்து அடிக்கு மேல் போகக் கூடாது. அகலம் கூடினால் நடுவில் காற்று போகாமல் வெந்துபோகும். நம்மூர்ச் சின்ன வெங்காயப் பட்டறையும் இதே காற்றோட்டக் கணக்கில்தான் நிற்கிறது என்று பெரியப்பா விளக்கிய பிறகே எங்களுக்கு முழுதாகப் புரிந்தது.

இத்தனையும் சரியாகச் செய்தவன் கொட்டகையில் சரக்கோடு காத்திருக்கும் மாதங்களில்தான் ஏற்றுமதித் தடையும் இருப்பு வரம்பும் வந்து விழும். இருப்பு வரம்பு விதிக்க அரசுக்கு அதிகாரம் தரும் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தை ஜோஷி அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்குக் காரணம் இதுவே. 1980 ஜனவரித் தேர்தலில் வெங்காய விலை உயர்வே பிரசாரமானது; அந்த ஆண்டே விலை சரிந்து, சாகணில் புணே–நாசிக் சாலையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். நவம்பரில் நாசிக்கில் கரும்புக்கு டன்னுக்கு 300 ரூபாய் கேட்டுப் போராட்டம். 1981இல் கர்நாடகத்தின் நிப்பாணியில் புகையிலை விவசாயிகள் போராட்டம். இந்தப் போராட்டங்களில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களைப் பற்றிய பக்கங்களைச் சரிபார்த்த இருவரும் பெயர் வேண்டாம் என்றீர்கள்; உங்கள் சொல்படியே விட்டிருக்கிறோம்.

கணக்கு சொல்லிக்கொடுத்த பொருளாதார ஆசிரியருக்குத் தனி நன்றி. உலக வர்த்தக நிறுவன விதிப்படி ஒரு பயிருக்கு அரசு தரும் ஆதரவைக் கணக்கிட, அரசு அறிவித்த விலையிலிருந்து 1986–88ஆம் ஆண்டுகளின் சராசரி வெளிநாட்டுச் சந்தை விலையைக் கழித்து, வருவதைத் தகுதியுள்ள விளைச்சலால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு உள்ளே 200, வெளியே 300 என்று வைத்துக்கொண்டால் குவிண்டாலுக்குக் கழித்தல் 100. இந்தியா அந்த ஆண்டுகளுக்குக் கொடுத்த கணக்கில் பயிர்வாரி ஆதரவின் மொத்தம் கழித்தல் குறியோடுதான் வந்தது. உர, மின்சார மானியங்கள் தனிக் கணக்கில் வரும். அவற்றைக் கூட்டினாலும் விவசாயியிடமிருந்து எடுத்ததே அதிகம் என்பது ஜோஷியின் வாதம். வரைவில் இருந்த ஒரு பிழையையும் ஐயா திருத்தினார்: இன்றைய விலையை அந்தப் பழைய நிலைவிலையோடு நேரடியாக ஒப்பிட்டால் கழித்தல் கூட்டலாகிவிடும். அது பணவீக்கம் செய்யும் வேலை, ஆதரவு அல்ல. மண்டிச் சீட்டின் அடியில் இருந்த அதே கழித்தல் குறி நாட்டின் கணக்கிலும் இருந்தது. உழைத்தவனைக் கடனாளியாக்கிய கடன் நியாயமான கடனே அல்ல என்று ஜோஷி கடன் விடுதலை கேட்டது இங்கிருந்துதான்.

மராத்தி அக்காவுக்கு: ஜோஷியின் பண்ணையான அங்கார்மளாவைத் 'தணல் தோட்டம்' என்று நீங்கள் சொன்னபோது ஆம்பேட்டாணின் அந்த மானாவாரி நிலம் கண்ணில் வந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்னில் சர்வதேச அஞ்சல் ஒன்றிய வேலையை விட்டுவிட்டு அங்கே உழ வந்தவருக்குப் பொருத்தமான பெயர். அந்த அஞ்சல் வேலை பற்றிய அத்தியாயத்தைப் படித்துத் தந்த ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஐயாவுக்கும் நன்றி.

1986 நவம்பரில் நாசிக் மாவட்டத்துச் சாந்த்வடில் கூடிய பெண்கள் மாநாட்டையும், அதன் பிறகு வந்த லக்ஷ்மி முக்தியையும் எழுத உதவிய சகோதரிகளே, அந்த அத்தியாயம் உங்களுடையது. மனைவி பெயருக்கு நிலம் எழுதிவைக்கும் இயக்கம் அது. ஓர் ஊரில் நூறு குடும்பங்கள் எழுதினால் ஜோஷியே அங்கே வருவார். சாத்-பாரா (ஏழு-பன்னிரண்டு) என்னும் மகாராஷ்டிர நில ஆவணத்தை நம்மவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தவித்தபோது வழி காட்டினீர்கள்: 7ஆம் படிவம் நம் பட்டா போல உரிமைக்கு, 12ஆம் படிவம் நம் அடங்கல் போலப் பயிருக்கு. பாகப்பிரிவினை ஆகாத குடும்ப நிலமும், 'இதர உரிமைகள்' கட்டத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் ஏறிய நிலமும் எங்கே சிக்கும் என்றும் சொன்னீர்கள். பேச்சோடு நின்ற ஆண்களையும் மறைக்காமல் எழுதச் சொன்னதற்குச் சேர்த்தே நன்றி.

நம் தமிழ்நாட்டு விவசாயத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் மின்கட்டணப் போராட்டங்களைப் பற்றிய பகுதிக்குக் கோவை நண்பர்கள் உதவினார்கள்.

சட்டப் பகுதியைப் பார்த்துத் தந்த வக்கீல் தம்பிக்கு: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவுப்படி, பதிவுக்கு வரும் எந்தக் கட்சியும் தன் விதிகளில் சோஷலிசத்துக்கு விசுவாசம் எழுதியாக வேண்டும். 1994இல் சுதந்திர பாரத் பக்ஷ் தொடங்கிய ஒரு மனிதருக்கு இது எத்தனை பெரிய முள் என்பதை நீங்கள் சொல்லித்தான் உணர்ந்தோம். மாநிலங்களவையில் இருந்தபோது அதை நீக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2010 மார்ச் 9 அன்று மகளிர் ஒதுக்கீட்டு மசோதா அந்த அவையில் 186க்கு 1 என்று நிறைவேறியதே, அந்த ஒன்று அவருடைய வாக்கு. சாந்த்வடைக் கூட்டியவர் ஏன் அப்படி வாக்களித்தார் என்று கேட்டு எங்களோடு வாதாடியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அந்த வாதம் இரு பக்கமும் நூலில் இருக்கிறது.

மண்டிச் சீட்டுகளை ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டோம். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தவற்றை ஒட்டவில்லை. கோந்து பட்டால் மை ஊறும். உல்ட்டி பட்டிகளை மட்டும் தனி உறையில் வைத்து, வெளியே எண்ணிக்கை எழுதியிருக்கிறோம். பிரித்ததும் எண்ணிப் பார்த்து ஒரு வரி போடுங்கள்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்