ஆண்டறிக்கை: மோட்டார் மேடைக்கு எஃப்.ஆர்.பி. கர்டர்

தலைவர் அவர்களுக்கும், தூத்துக்குடி வட்டாரச் சிறு உப்பள உரிமையாளர்களான நம் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மழைக்கு முன்பே வாய்க்காலைத் தூர்வாரிவிட்டோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பாதிக் கூட்டங்களைத் தின்றது மோட்டார் மேடை விவகாரம்தான், நேராக அதற்கே வருகிறேன்.

மோட்டார் நிற்கும் பொதுக் கிணற்று மேடையைத் தாங்கும் இரும்பு கர்டர்கள் ஏடு ஏடாக உரிகின்றன. வருடா வருடம் சுரண்டிப் பெயிண்ட் அடித்தாலும் உப்பு அதற்கு அடியில் புகுந்து வேலையைக் காட்டுகிறது. கான்கிரீட் போடலாம் என்றனர் சிலர். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் அங்கேயும் இதே கதைதான். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

செயற்குழு பரிந்துரைப்பது எஃப்.ஆர்.பி., அதாவது இழை வலுவூட்டிய பிளாஸ்டிக் கர்டர். கண்ணாடி இழைகளை ரெசினில் நனைத்து, சூடான அச்சு வழியாக இழுத்துச் செய்கிறார்கள். துருப்பிடிக்க அதில் இரும்பே கிடையாது. எடை இரும்பில் ஏறக்குறைய கால் பங்கு. நம் வரப்பில் கிரேன் ஏறாது, ஆட்களே தூக்கி வைத்துவிடலாம். விலை அதிகம்தான், ஆனால் பெயிண்ட் கூலி மிச்சம்.

விற்க வந்தவர் "இரும்புக்கு நிகரான பலம்" என்றார். இழுவிசையில் சரி. விறைப்பில், அதாவது வளையாமல் நிற்பதில், இரும்பின் பத்தில் ஒரு பங்குதான் தேறும், அதை அவர் சொல்லவில்லை. பழைய அளவிலேயே மாற்றிப் போட்டால் உடையாது, ஆனால் தொய்யும். மோட்டார் ஓடும்போது மேடை ஆடும். அதனால் உயரம் கூடிய கர்டர் வாங்கி, நடுவில் ஒரு தாங்குகாலும் கேட்டிருக்கிறோம். இடைவெளி பாதியானால் தொய்வு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்.

அப்புறம், ரெசின், உவர்நீரைத் தாங்கும் வினைல் எஸ்டர் ரகமாக இருக்க வேண்டும். அறுத்த முனையையும் துளையையும் ரெசின் பூசி அடைக்காவிட்டால் உவர்நீர் இழை வழியே உள்ளே ஏறும். வெயில் தாங்கும் மேல்பூச்சும் தேவை. இதில் வெல்டிங் நடக்காது. 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்தான். பக்கத்தில் தீ மூட்டுவதும் கூடாது. கர்டர் மின்சாரம் கடத்தாது என்பதற்காக மோட்டார் எர்த்தை யாரும் கழற்றிவிட வேண்டாம்.

விலைப்புள்ளிகள் மேசையில் இருக்கின்றன. தீர்மானத்துக்கு ஒப்புதல் கோருகிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டினால் முன்பணம் கொடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்