சிக்கன்மேல கோடு போட்டா சைவ டயட் ஆயிடுமா?

லோ கார்ப் டயட் சார்ட் எழுதித் தர்ற உணவு ஆலோசகர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் யாருன்னு சொல்ல பெருசா ஒண்ணுமில்ல, உங்ககிட்ட வந்து சார்ட் வாங்கிட்டுப் போற கூட்டத்துல ஒரு ஆள். எடை 70 கிலோ, முட்டை கூட சாப்பிடாத சைவம், பால் தயிர் உண்டு. சுகர் பார்டர்ல நிக்குது, மாவுச்சத்தைக் குறைங்கன்னு டாக்டர் சொன்னாரு, அதுக்குத்தான் வந்தேன். கார்போவைக் குறைச்சா உடம்புல என்ன நடக்கும், இன்சுலின் எப்படி இறங்கும், இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல, அது உங்க தொழில். நான் பேச வந்தது நீங்க தர்ற சார்ட்டுல ஒரே ஒரு கட்டத்தைப் பத்தி. கடைசி வரிசை, "இரவு"ன்னு போட்டிருக்குமே, அது.

எனக்குக் கிடைச்ச சார்ட்டுல அந்தக் கட்டத்துல பிரிண்ட் ஆயிருந்தது இது: கிரில் பண்ண சிக்கன் 150 கிராம், சாலட் ஒரு கிண்ணம். நான் சைவம்ங்கன்னு சொன்னேன். உங்கள்ல ஒருத்தர், பேர் வேணாம், பேனாவை எடுத்து சிக்கன்மேல ஒரு கோடு இழுத்தாரு, மேல "வெஜ்"னு எழுதி வட்டம் போட்டாரு, காகிதத்தை என் பக்கம் தள்ளிட்டாரு. அவ்ளோதான், சைவ டயட் ரெடி. ராத்திரிக்கு எனக்கு மிச்சம் இருந்தது சாலட் ஒரு கிண்ணம்.

வேகவெச்ச கோழி நெஞ்சுக்கறி 150 கிராம்ல கிட்டத்தட்ட 45 கிராம் புரோட்டீன் இருக்கும். ஒரு கிண்ணம் வெள்ளரிக்கா தக்காளி கீரை இலைல ரெண்டு, மிஞ்சினா மூணு கிராம். அந்த ஒரு கோட்டுல போனது 45 கிராம், அதுக்கு பதிலா வந்தது ஒண்ணும் இல்ல.

அப்புறம் நான் கேட்டேன், சிக்கனுக்கு பதிலா என்ன சாப்பிடறதுன்னு. "பருப்பு சேர்த்துக்கோங்க"ன்னு பதில் வந்தது. சரிதான்னு கிளம்பி வந்துட்டேன், ரொம்ப நாள் கழிச்சுத்தான் உக்காந்து கணக்கு போட்டுப் பார்த்தேன். வெந்த பருப்பு 100 கிராம்ல 9 கிராம் புரோட்டீன், 20 கிராம் கார்போ, அதுல 8 கிராம் நார்ச்சத்து. சிக்கன் குடுத்த 45 கிராமை பருப்புல எடுக்கணும்னா நான் அரைக் கிலோ வெந்த பருப்பு சாப்பிடணும், ஒரே வேளைக்கு. கூடவே 100 கிராம் கார்போ வரும், நார்ச்சத்தைக் கழிச்சு விட்டாலும் 60. அதே சார்ட்டோட தலைல தடிச்ச எழுத்துல என்ன போட்டிருக்கு? "ஒரு நாள் மொத்த கார்போ 50 கிராமுக்குள்". ராத்திரி பருப்போடயே நாள் கோட்டா முடிஞ்சு பத்து கிராம் கடனும் ஆயாச்சு. இந்தக் கணக்கைப் போட அஞ்சாம் கிளாஸ் பெருக்கல் போதும், நீங்க படிச்ச படிப்புக்கு இது ஒரு விஷயமே இல்ல, அதனாலதான் கோவம் வருது.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. சார்ட்டுக்குப் பின்பக்கம் "சைவ புரோட்டீன்"னு ஒரு பட்டியல், அதுல பருப்பு 100 கிராம், புரோட்டீன் 24 கிராம்னு இருக்கு. அது காஞ்ச பருப்போட கணக்கு. யாருங்க காஞ்ச பருப்பை அப்படியே கடிச்சு சாப்பிடறாங்க? வேகும்போது தண்ணி குடிச்சு ஊதி 24 ஒன்பதாயிடும். கிண்ணத்துல இருக்கறது வெந்தது, காகிதத்துல இருக்கறது பச்சை. சோயா உருண்டைக்கும் இதே கதைதான், காஞ்சதுல நூறு கிராமுக்கு 52, ஊறவெச்சு எடை போட்டா அதுல மூணுல ஒரு பங்கு கூட தேறுமோ என்னமோ. பச்சையா வெந்ததான்னு ஒரு வார்த்தை பக்கத்துல போட்டிருந்தா நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

மூணு மாசம் அந்த சார்ட்டை எழுத்துப் பிசகாம சாப்பிட்டேன். அப்புறம் கூட்டிப் பார்த்தா ஒரு நாளைக்கு 35 கிராம் புரோட்டீன்தான் உள்ள போயிருக்கு. கிலோவுக்கு 1.2 கிராம் கணக்குல 84 கிராம் வேணும்னு அதே சார்ட்டுல என் பேருக்கு நேரா எழுதியிருக்கு! எடை குறைக்காத சாதாரண ஆளுக்குச் சொல்ற கிலோவுக்கு 0.8 கணக்கே 56 வருது, நான் அதையும் தொடல. எடை இறங்குச்சு, ஆமா, 6 கிலோ. அதுல கொழுப்பு எத்தனை கிலோ, சதை எத்தனை கிலோன்னு யார் பார்த்தா? தலை சீவினா சீப்புல கொத்தா முடி. தரைல உக்காந்தா கையை ஊணாம எழுந்திரிக்க முடியல. ஜாடி மூடி திறக்க வீட்ல வேற ஆளைக் கூப்பிட வேண்டியதா போச்சு. இதைக் கொண்டுபோய் சொன்னப்ப எடை மிஷினைப் பார்த்து முதல்ல கை தட்டினாங்க, அப்புறம் முடி கொட்டுதுன்னதும் முகம் மாறி "நடுவுல ஏதாவது ஏமாத்துறீங்களா, மன உறுதி வேணும்"னாங்க.

மன உறுதி. ராத்திரி எட்டு மணிக்கு வெள்ளரிக்காயைத் தின்னுட்டு பன்னெண்டு மணிக்கு பசில முழிச்சு கிடந்தவன்கிட்ட சொன்ன வார்த்தை இது. புரோட்டீன் பத்தலன்னா பசி அடங்காதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்றீங்க?

அதனால பணிவா கேக்கறேன், சைவத்துக்கு தனியா ஒரு சார்ட் எழுதுங்க. அசைவ சார்ட்டை அடிச்சுத் திருத்தினது வேணாம். முதல் கட்டத்துலேந்து சைவமாவே யோசிச்சு, ஒவ்வொரு வேளைக்கும் புரோட்டீன் எத்தனை கிராம் கார்போ எத்தனை கிராம்னு போட்டு.

முடியாத விஷயம்னு சொல்லிடாதீங்க. 2009லயே கனடாவுல டொராண்டோல டேவிட் ஜென்கின்ஸ்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு முழுக்க செடியிலேந்து வர்ற உணவை வெச்சே லோ கார்ப் பண்ணிக் காட்டியிருக்காங்க, கோதுமைப் புரதம், சோயா, கொட்டைகள் இதை வெச்சு. ஆனா கவனிங்க, அவங்க கார்போவை மொத்த கலோரில 26 சதவீதம் வெச்சாங்க, 31 சதவீதம் புரோட்டீன். அதாவது சைவத்துக்குன்னு உக்காந்து வேற கணக்கு போட்டாங்க. கார்போவை ரொம்பவே வெட்டற கீட்டோ டயட்டோட ஆரம்பமே பாருங்களேன், 1921ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ரஸ்ஸல் வைல்டர்ங்கற டாக்டர் வலிப்பு நோய்க்காக கொண்டுவந்தது, அந்த வைத்தியத்துல இன்னிக்கும் தராசு வெச்சு கிராம் கிராமா நிறுத்துத்தான் சாப்பாடு. அப்படிப் பொறந்த டயட் என்கிட்ட வந்து சேரும்போது "பருப்பு சேர்த்துக்கோங்க" ஆயிடுச்சு. எத்தனை பருப்பு, எப்ப, எதோட? அதெல்லாம் கேக்கக்கூடாது போல.

சரி, பருப்பு வேணாம், வேற என்னன்னு திரும்பக் கேட்டேனே, அந்தப் பதிலையும் சொல்லிடறேன். பால்ல லாக்டோஸ்ங்கற சர்க்கரை இருக்கு, குறைங்க. சோயா ஹார்மோனுக்கு ஆகாது, விடுங்க. பாதாம் எவ்வளவு வேணா சாப்பிடுங்க. நான் கைல எழுதிக்கிட்டு வந்தேன். சோயா விஷயத்துல, பல ஆய்வுகளை ஒண்ணா தொகுத்துப் பார்த்தப்ப ஆம்பளைங்க டெஸ்டோஸ்டிரோன் மாறலன்னுதான் வந்திருக்கு, இது உங்களுக்குத் தெரியாம இருக்காது. பாதாம் கணக்கு இன்னும் அழகு. நூறு கிராம்ல புரோட்டீன் 21, கொழுப்பு 50. பாதாம்லயே 30 கிராம் புரோட்டீன் எடுக்கணும்னா 140 கிராம் மெல்லணும், 800 கலோரிக்கு மேல போயிடும், எடை குறைக்க வந்தவனுக்கு. பாதாம் நல்ல கொழுப்பு, நான் இல்லன்னு சொல்லல, ஆனா அதை புரோட்டீன் பட்டியல்ல முதல் இடத்துல வைக்கறது நியாயமா? காளானும் காலிபிளவரும் கூட அந்தப் பட்டியல்ல இருந்துச்சு, நூறு கிராமுக்கு ரெண்டு மூணு கிராம் வெச்சிக்கிட்டு. பால் வேணாம், சோயா வேணாம், பருப்புல கார்போ. மிச்சம் காத்துதான், அதுல கார்போவும் இல்ல.

கடைசில வந்துச்சு பாருங்க, டப்பா. "எல்லாத்துக்கும் இந்த புரோட்டீன் பவுடர் எடுத்துக்கோங்க, நம்மகிட்டயே இருக்கு". அப்பத்தான் எனக்கு லேசா புரிஞ்ச மாதிரி இருந்துச்சு அந்தக் கட்டம் ஏன் காலியாவே கிடந்துச்சுன்னு. பவுடர் கெட்டதுன்னு சொல்ல வரல, தேவைப்படறவங்க இருக்காங்க. ஆனா சாப்பாட்டுல ஓட்டையை வெச்சு டப்பாவால அடைக்கறது ஆலோசனையா வியாபாரமான்னு நீங்களே சொல்லுங்க. கிட்னி எப்படி இருக்குன்னு ஒரு டெஸ்ட் கேட்டீங்களா? சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ போடறவங்க கார்போவை சட்டுனு வெட்டினா டோஸையும் டாக்டர் பார்த்துக் குறைக்கணும், இல்லன்னா சுகர் தடால்னு இறங்கிடும், அதையாவது கேட்டீங்களா? சைவமா அசைவமான்னே நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. சரி, எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

ஒரு விஷயம் மட்டும் இதுல எனக்கு உண்மையாவே ஆச்சரியம், ஏன் யாருமே இதைச் சொல்றதில்லன்னு. புரோட்டீன் அமினோ அமிலங்களால ஆனது, அதுல தானியத்துல லைசின்ங்கறது கம்மி, பருப்புல மெத்தியோனின்ங்கறது கம்மி, ரெண்டும் சேர்ந்தா ஒண்ணோட குறையை ஒண்ணு ரொப்பிக்கும், இதை வெச்சுத்தான் சைவம் சாப்பிடறவங்க காலங்காலமா ஓட்டிட்டிருந்தோம், தெரிஞ்சோ தெரியாமலோ. லோ கார்ப்னு நீங்க தானியத்தை வெட்டினதும் பருப்போட ஜோடி போயிடுது. அப்ப அந்த இடத்துக்கு எள்ளு, பூசணி விதை, பால் பொருள் இப்படி வேற எதையாவது கொண்டுவரணும் இல்லையா? ஒரே வேளைல சேரணும்னு கூட இல்ல, நாள் முழுக்க சேர்ந்தா போதும். அசைவக்காரங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல, அதனால அவங்க சார்ட்டுல இதுக்கு இடமும் இல்ல. கோடு போட்டு திருத்தினா இது எப்படி உள்ள வரும்? வைட்டமின் பி12ம் அப்படித்தான், அது செடில கிடையாது, பால் தயிரையும் குறைச்சிட்டீங்கன்னா எங்கேருந்து வரும்?

நானே ஒரு நாள் உக்காந்து போட்டுப் பார்த்தேன், ஒரு மணி நேரம் கூட ஆகல. துணில கட்டி வடிச்ச கெட்டித் தயிர் 200 கிராம், அதுல 18 கிராம் புரோட்டீன், தண்ணியோட லாக்டோஸும் கொஞ்சம் வடிஞ்சு போயிடறதால கார்போ 8 தான். பனீர் 100 கிராம், புரோட்டீன் ஒரு 18. கெட்டி டோஃபு (சோயாப் பால்ல செய்யற பனீர் மாதிரி) 150 கிராம், பாக்கெட்டுக்கு பாக்கெட் மாறும், நான் வாங்கறதுல 20 வருது. சோயா உருண்டை காஞ்சதா 30 கிராம் (காஞ்சதா!), புரோட்டீன் 15, கார்போ 10. பூசணி விதை 30 கிராம்ல இன்னொரு 9. கூட்டுங்க, 80 வந்தாச்சு, காய்கறில வர்றதையும் சேர்த்தா 84ஐ தொட்டாச்சு. கார்போ இதுவரைக்கும் 30 பக்கத்துலதான், காய்கறிக்கு இன்னும் 20 கிராம் இடம் இருக்கு. ராத்திரிக்கு டோஃபுவும் சோயாவும் வெச்சிருக்கேன், அந்த ஒரு வேளைலயே 35 கிராம். சாலட்டும் இருக்கு, அதை நான் விடல.

இது எல்லாருக்கும் ஒத்துவரும்னு சொல்லல. பால் ஒத்துக்காதவங்க இருப்பாங்க, சோயா அலர்ஜி இருக்கறவங்க இருப்பாங்க, தினமும் டோஃபு சாப்பிட்டா எனக்கே ரெண்டாவது வாரம் வெறுத்துப் போகுது. 50 கிராம் ரொம்பக் கஷ்டம்னா சைவத்துக்கு கார்போ அளவை 100க்கு ஏத்தி பருப்பையும் உள்ள விடலாமா, அப்பவும் சுகர் அடங்குமா, இதெல்லாம் ஆளைப் பார்த்து முடிவு பண்ண வேண்டிய விஷயம். அதுக்குத்தானே உங்ககிட்ட வர்றோம், ஃபீஸ் குடுத்து? நான் படிச்சதெல்லாம் பாக்கெட் பின்னாடி இருக்கற எழுத்து, நீங்க படிச்சது பட்டம்.

மறுபடியும் கேட்டுக்கறேன், சைவத்துக்கு தனி சார்ட், வேளைக்கு வேளை கிராம் கணக்கு, பச்சையா வெந்ததான்னு பக்கத்துல ஒரு வார்த்தை, எடையோட சேர்த்து சதையும் குறையுதான்னு நடுவுல ஒரு தடவை பார்க்கறது. வேற ஒண்ணும் இல்ல. மொத்தத்தையும் ஒரே நாள்ல மாத்தச் சொல்லி நிர்ப்பந்தம் பண்ணல, உங்களுக்கும் வேலை இருக்கும், வரிசைல ஆள் உக்காந்திருப்பாங்க. இரவுக் கட்டத்துலேந்து ஆரம்பிச்சீங்கன்னா கூட போதும்.

நன்றியுடன்,
மூணு மாசம் ராத்திரி சாலட் மட்டும் சாப்பிட்ட ஒரு ஆள்