வண்டிக் குதிரையைப் பாய்ச்சலுக்கு விரட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காணும் பொங்கல் எல்கைப் பந்தயச் (குதிரை வண்டிகள் எல்லைவரை ஓடித் திரும்பும் பந்தயம்) செய்தியுடன் வந்த படத்தின் கீழ் ‘நாலுகால் பாய்ச்சலில் சீறிய குதிரைகள்’ என்று எழுதியிருந்தீர்கள். முன்னால் வரும் குதிரையின் இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் சேர்ந்து முன்னுக்கு வீசியிருக்கின்றன. மற்ற இரண்டும் பின்னுக்கு. அது பாய்ச்சல் இல்லை, டிராட் எனும் சீரான ஓட்டம். ஒழுங்காகப் பழக்கிய வண்டிக் குதிரை ஓடவேண்டிய ஓட்டமும் அதுதான்.

நாலு குளம்பும் தரையில் படாததைப் பார்த்துப் பாய்ச்சல் என்று எண்ணியிருக்கலாம். வேகமான டிராட்டிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை குதிரை அந்தரத்தில் இருக்கிறது. 1878-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ், ஓடுபாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்துப் பாய்ச்சலைப் படமெடுத்தார். அந்தரத்தில் இருக்கும் கணத்தில் நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் கூடியிருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஃபிளக்ஸ்களில் இன்றும் வரைகிற மாதிரி, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு எந்தக் குதிரையும் பறப்பதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே பிரிக்கலாம். நடையில் நான்கு குளம்புத் தட்டு, சம இடைவெளியில். டிராட்டில் இரண்டு. டிராட்டுக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட கேன்டரில் மூன்று தட்டு, பிறகு ஒரு நிறுத்தம். பாய்ச்சலில் நான்கும் நெருக்கி விழுந்து, அதன் பிறகு நிறுத்தம்.

இந்த வேறுபாட்டை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. டிராட்டில் குறுக்காக அமைந்த இரண்டு கால்கள் சேர்ந்து ஊன்றுவதால் முதுகு அதிகம் அசையாது. ஏர்க்கால்கள் மட்டமாக நிற்கும், வண்டி நேராக வரும். பாய்ச்சலில் முதுகு ஒவ்வொரு எட்டுக்கும், அதாவது காலடிச் சுற்றுக்கும், மேலும் கீழும் போகும். ஏர்க்கால் குதிக்கும், வயிற்றுவார் இழுத்து உரசும், இலேசான ரேக்ளா வண்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். முழுப் பாய்ச்சலில் பந்தயக் குதிரையின் ஒரு முன்னங்காலில் ஏறும் பாரம் அதன் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. பதப்படுத்திய மண் தடத்திலேயே தசைநாண் கிழிகிறது என்றால், தார்ச்சாலையில் என்ன ஆகும்? பாய்ச்சலில் மூச்சும் எட்டோடு பிணைந்துவிடுகிறது, ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு. குதிரையால் வாய்வழியே மூச்சுவிட முடியாது. மூக்குப்பட்டையோ தொண்டைவாரோ இறுகியிருந்தால் அது திணறும்.

பழகிய குதிரை டிராட்டை முறித்துப் பாய்ச்சலுக்குத் தாவுவது பெரும்பாலும் மனிதர்களால்தான். பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பைக்குகள், முந்தும் நேரத்தில் விழும் சாட்டை, கரையில் நிற்பவர்களின் விசில் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. களைத்த குதிரையும் தாளம் தவறித் தாவும். அப்போது சாரதி கடிவாளத்தை வெட்டி இழுக்கக் கூடாது. தலை தூக்கினால் முதுகு குழிந்து இன்னும் தாவும். இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து டிராட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டு வண்டிப் பந்தயங்களில் தாவிய குதிரையை அடக்காமல் அதனால் இடம் பிடித்தவரைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். நம் விழாக் குழுக்களும் அந்த விதியை எழுதிவைத்து, தொடங்குமுன் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம், செலவே இல்லை. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு குதிரையையும் வண்டியில் பூட்டாமல், கயிற்றைத் தளர விட்டு, கெட்டித் தரையில் 30 மீட்டர் டிராட்டில் ஓட்டிப் பாருங்கள். கயிறு தொங்க வேண்டும். பிடித்து இழுத்தால் தலையசைவு மறைந்துவிடும். டிராட்டில் நல்ல குதிரையின் தலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் ஊன்றும்போது தலையை மேலே தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது இறக்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலில் மருந்து தடவுகிறார்கள். பின்னங்காலில் வலி உண்டா என்று அறிய, குதிரையின் பின்புறம் நின்று இடுப்பெலும்பைப் பார்க்க வேண்டும். வலிக்கும் பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். நடையில் மறைகிற நொண்டல் டிராட்டில் தெரிந்துவிடும். தலையசைக்கும் குதிரை பந்தயத்துக்கு இல்லை, அதன் உரிமையாளர் யாராக இருந்தாலும்.

ஓடும்போது இரும்பில் இரும்பு மோதும் ‘டக் டக்’ சத்தம் கேட்டால் பின்னங்கால் லாடம் முன்னங்கால் லாடத்தில் இடிக்கிறது. குளம்பின் நுனி நீண்டுபோயிருக்கும், அல்லது குதிரை சோர்ந்திருக்கும். விட்டுவைத்தால் குதிகால் சதை கிழியும், லாடம் கழன்று குதிரை குப்புற விழும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் பிரித்து, குளம்பைச் சீவி, மறுபடி கட்ட வேண்டும்.

டெல்டாவுக்கே உரிய ஆபத்து ஒன்று. தை மாதம் சம்பா அறுப்பு நேரம். சாலையோரமெல்லாம் நெல்லும் வைக்கோலும் காயும். தேய்ந்த லாடத்துக்குக் கீழே தார்மேல் கிடக்கும் வைக்கோல் எண்ணெய் போல வழுக்கும். பந்தயச் சாலையை முதல் நாளே கூட்டிவிட வேண்டும். பழக்குவதற்குக் கொள்ளிடக் கரையின் ஈரம் கண்ட கெட்டி மணல் நல்லது. கால் புதையும் உலர்மணலில் வேகமாக ஓட்டினால் தசைநாண் வீங்கும்.

எல்லையில் திரும்பும் இடத்துக்கு 50 மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து, நடையில் திருப்ப வேண்டும். இடப்பக்கம் திரும்பும் குதிரை பாய்ச்சலில் இருந்து, வலது முன்னங்காலை முன்வைத்து ஓடிக்கொண்டிருந்தால் சரியாகச் சாய முடியாமல் கால் பின்னிக்கொள்ளும். வண்டி கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்.

ஓடி முடித்ததும் நிறுத்திக் கட்டாமல், மூச்சு அடங்கும்வரை நடத்துங்கள். தாடையெலும்பின் உட்புறம் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது, அரை மணி நேரம் கழித்தும் 60-க்கு மேலேயே நின்றால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்போர் சிலர்,
மயிலாடுதுறை மாவட்டம்.