பலகையில் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி தேடும்போது கட்டணத்தையும் பேருந்து வசதியையும்தான் முதலில் கேட்கிறோம். நானும் அப்படித்தான். வாசல் பலகையில் 'சிபிஎஸ்இ' (மத்திய இடைநிலைக் கல்வி வாரியம்) என்று இருந்தது. சரி என்று மகளைச் சேர்த்துவிட்டேன். அவள் பத்தாவது முடிக்கும்போதுதான் தெரிந்தது, பள்ளிக்கு வாரியம் தந்த இணைப்பு அனுமதியே பத்தாம் வகுப்பு வரைதான் என்று. அப்புறம் பதினொன்றுக்கு இடம் தேடி அலைந்தோம். வாரியத்தின் இணையதளத்தில் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

பணிமாற்றம் வரக்கூடியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியப் பதிவு நடந்துவிடும். பத்தாம் வகுப்பில் பள்ளி மாற வாரியத்தின் அனுமதி வேண்டும்.

தமிழ் உண்டா என்றும் முதலிலேயே கேளுங்கள். நான் கேட்டபோது பள்ளியில் "தமிழ் ஆசிரியர் வந்ததும் தொடங்குவோம்" என்றார்கள். மகள் கடைசி வரை இந்திதான் படித்தாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்