திறக்காத பதினொரு கோப்புகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அப்பாவின் குரலைத் தேடி அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை. அவர் போவதற்கு முந்தைய வருடம் ஒரு வாய்ஸ் ரெக்கார்டரை மேஜைமேல் வைத்து அவரைப் பேசவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? மொத்தம் பதினொரு கோப்புகள். அந்த ரெக்கார்டரைச் செய்த கம்பெனிக்கு என்று தனி ஃபார்மேட், அதைத் திறக்க அவர்களுடைய மென்பொருள்தான் வேண்டும். அந்த மென்பொருளோ என் புதிய கணினியில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு கோப்பாகக் கிளிக் செய்தேன். பதினொரு முறையும் 'திறக்க முடியாது' என்ற அதே பெட்டிதான் வந்தது. கண்ணெதிரே இருந்தும் கேட்க முடியாமல் போனது என்னை ரொம்பவே உலுக்கிவிட்டது.

கடைசியில் பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப் கைகொடுத்தது. வயரைச் செருகியபடியே ஓட்டி, எல்லாவற்றையும் சுருக்காத வேவ் கோப்புகளாக வெளியே எடுத்து, ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்காக மாற்றினேன். முதல் கோப்பில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓடுதா?" என்று கேட்கிறார். அப்புறம் கொஞ்ச நேரம் கடிகாரச் சத்தம் மட்டும்.

ஓக், ஃபிளாக் மாதிரி யாரும் ஆளக்கூடிய திறந்த ஃபார்மேட்டுகளுக்கு மாறுங்கள் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டே இருந்தாயே, யாராவது மாறினார்களா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. எம்பி3-க்குப் பின்னால் இருந்த ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 1998-இல் எம்பி3 மென்பொருள் எழுதிய பலருக்கு உரிமத்தொகை கேட்டுக் கடிதம் அனுப்பியது. அதன் பிறகுதான் கிறிஸ் மாண்ட்கோமரி என்ற நிரலாளர், ஓக் கோப்புக்குள் ஒலியைச் சுருக்கி வைக்கும் முறையான வோர்பிஸ் வேலையில் தீவிரமாக இறங்கினார். 2002 ஜூலையில் 1.0 வந்தது. யாரும் இலவசமாக எடுத்து ஆளலாம், அதே அளவுக் கோப்பில் ஒலியும் பெரும்பாலும் எம்பி3-ஐவிடத் தெளிவு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

வேண்டியது நிறைய இருந்தது. கையில் இருந்த பிளேயர் பாடாது. வோர்பிஸைப் பிரித்து ஒலியாக்கும் நிரல் தசம எண் கணக்கை நம்பி எழுதப்பட்டிருந்தது, சின்னப் பிளேயர்களின் சிப்களுக்கோ முழு எண் கணக்குதான் வரும். முழு எண்ணிலேயே வேலை செய்யும் ட்ரெமர் என்ற நிரல் அந்த வருடமே வந்தும், எல்லாக் கம்பெனிகளும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய தடை, ஏற்கெனவே சேர்த்து வைத்த பாட்டுகள். எம்பி3 ஆக்கும்போதே ஒலியில் ஒரு பகுதி போய்விடும். அதை மறுபடி வோர்பிஸ் ஆக்கினால் இன்னொரு முறை போகும். சிடியிலிருந்து முதலிலிருந்து எடுக்க யாருக்குப் பொறுமை? உனக்கு நான் ஓக் கோப்புகளாகவே எழுதிக் கொடுத்த அந்த சிடி உன் பிளேயரில் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. 'உன் பிளேயரை மாற்று' என்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் யாரும் மாறவில்லை என்று மட்டும் சொல்லாதே. ஃபார்மேட்டின் பெயரே தெரிய வேண்டியில்லாத இடங்களிலெல்லாம் திறந்த ஃபார்மேட்டுகள் நுழைந்துவிட்டன. ஸ்பாட்டிஃபை பெரும்பாலும் வோர்பிஸில் பாடுகிறது. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பும் குரல் செய்தி ஓபஸ் என்ற திறந்த ஃபார்மேட். ஸ்கைப்பின் சில்க், வோர்பிஸைத் தந்த ஸிஃப் அமைப்பின் செல்ட் என்ற இரண்டு ஒலிச்சுருக்க முறைகளையும் சேர்த்துச் செய்து, 2012-இல் இணையத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது அது. உன்னை யாரும் கேட்கவும் இல்லை, நீ எதையும் நிறுவவும் இல்லை.

எம்பி3-இன் உரிமத் திட்டமும் 2017-இல் முடிந்துபோனது. காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. ஆகவே எம்பி3-மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. கேட்பதற்கு எதுவாக இருந்தாலும் சரி. எடுத்து வைப்பதில்தான் எனக்குப் பிடிவாதம். ஃபிளாக்கில் ஒரு துளி ஒலிகூடப் போகாது, இடமும் வேவ் கோப்பில் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். எப்படிப் பிரிப்பது என்ற விவரம் பொதுவில் இருப்பதால், செய்தவர்கள் கடையை மூடினாலும் வேறொருவர் எழுதிக்கொள்ளலாம். உன் அம்மா பாடியதை ஏதோ ஒரு ஆப்பில் பதிந்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அது என்ன ஃபார்மேட் என்று இந்த வாரமே பார். திறக்கும்போதே மாற்றிவிடு. தெரியாவிட்டால் அனுப்பு, நான் மாற்றித் தருகிறேன்.

ஏழாவது கோப்பில் அப்பா உன்னை விசாரிக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி இத்துடன் அனுப்புகிறேன். ஃபிளாக்கும் இருக்கிறது, எம்பி3-யும் இருக்கிறது. உன்னிடம் எது திறக்கிறதோ அதில் கேள்.

அன்புடன்,
உன் நண்பன்